காற்றுக்கும் வழி வேண்டும்



தோட்டத்து வீடுகளில் டின் பாலைத் திறக்கும் முறை நம் எல்லாருக்கும் தெரியும். டின்னின் மேல்தகட்டில் ஆணியாலோ கத்திமுனையாலோ ஒரு துளை போடுவோம். பிறகு அதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு துளை போடுவோம். ஒரு துளையோடு நிறுத்திவிட்டால் பால் திணறித் திணறிச் சொட்டும். இரண்டாவது துளை விழுந்ததும் தாரையாக இறங்கும். முதல் துளை பால் வெளியே வருவதற்கு. இரண்டாம் துளை காற்று உள்ளே போவதற்கு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்திருந்த பாடம் இது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி அந்த இரண்டாவது துளையின் வரலாறுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீ கெம்பாங்கானில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தின்போது, செர்டாங் பாரு என்ற புதுக்கிராமமாக உருவான ஊர் அது. ஒருபக்கம் சுங்கை பீசி ஈயச் சுரங்கங்கள், மறுபக்கம் ரப்பர்த் தோட்டங்கள் என்று இருந்த வட்டாரம். இன்று சுரங்கம் ஏரியாகிவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சற்றுத் தெற்கே பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. தோட்டத்தில் இருந்தவரை பள்ளி, கடை, கோயில், மருந்தகம் எல்லாம் நடை தூரம். அடுக்குமாடிக்கு வந்தபிறகு எதற்கும் வாகனம் வேண்டும். ஆகவே பழைய காடி ஒன்றைத் தவணையில் வாங்கிக்கொண்ட குடும்பங்கள் பல.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையும் அப்படி வாங்கியவர்தான். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சிறுநீரகம் பழுதடைந்ததால், வாரம் மூன்று முறை அம்மையாரை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒருநாள் அவர் பள்ளிக்கு வந்து எங்களிடம் மனம் வருந்திச் சொன்னார்: “சார், காடி எண்ணெய் குடிக்க மாட்டேங்குது. புள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்த வேண்டியிருக்கு.”

விவரம் இதுதான். பம்பின் குழாயை வைத்து விசையை அழுத்தினால் அரை லிட்டர் போகுமுன் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் ‘டக்’. பத்து வெள்ளிக்கு எண்ணெய் போடக் கால்மணி நேரம். பின்னால் நிற்பவர்கள் ஒலி எழுப்புகிறார்கள். இருமுறை சிகிச்சைக்கு நேரம் தப்பிவிட்டது. ஒரு பட்டறையில் டாங்கியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கேட்டார்களாம். அதுவரை ஓட்ட முடியாவிட்டால் காடியை விற்றுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். விற்றால் அம்மையாரை எப்படி அழைத்துச் செல்வது?

இந்தக் குறையின் வேரைக் காண வேண்டுமானால், காடிக்கு எண்ணெய் வார்க்கும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1886ல் ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். அந்நாளில் எண்ணெய் நிலையம் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட ஒருவகை எண்ணெயை வாங்கி ஊற்றினார். நடுவழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார் அந்த அம்மையார். ஆக, மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே ஓர் அடைப்பும் வந்தது. அதை நீக்கியது ஒரு பெண்ணின் கையிலிருந்த ஊசி.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1885ல், அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் சில்வானஸ் பௌசர் என்பவர் ஒரு பம்பைச் செய்து மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். அது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்கான பம்பு. வீடு வெளிச்சம் பெறுவதற்காகப் பிறந்த கருவியே பின்னர் பெட்ரோல் பம்பாக வளர்ந்தது.

நம் பக்கத்துக்கு எண்ணெய் கப்பலில் வந்தது. 1892ல் ‘மியூரெக்ஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகக் கீழ்த்திசைக்கு வந்தது. சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவில் எண்ணெய்க் கிடங்குகள் எழுந்தன. அங்கிருந்து 4 காலன் கொள்ளும் சதுரத் தகர டின்களில் எண்ணெய் ஊர் ஊராகப் போனது. அந்த டின்னை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் தீர்ந்தபின் அதுவே தண்ணீர் சுமக்கும் வாளி. அரிசி கொட்டிவைக்கும் பெட்டி. பிரித்துத் தட்டினால் கோழிக்கூண்டுக்குக் கூரை.

பெட்ரோலும் தொடக்கத்தில் இவ்வாறு டின்களில்தான் விற்கப்பட்டது. புனலை வைத்து, அதில் கம்பி வலையோ மெல்லிய தோலோ விரித்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். டின்னைச் சாய்த்தால் ‘குளுக் குளுக்’ என்று விட்டுவிட்டு விழும். டின்னுக்குள் காற்று புகப் புகத்தான் எண்ணெய் வெளியேறும். காடியின் டாங்கியிலோ இதற்கு நேர்மாறு. எண்ணெய் உள்ளே போகப் போக, அங்கிருந்த காற்று வெளியேற வேண்டும். அந்நாளில் அதற்குத் தொல்லையே இல்லை. வாய் அகலம், ஊற்றுவதும் மெதுவாக. ஓடும்போது டாங்கி மூச்சுவிட மூடியிலேயே ஒரு சிறு துளை இருந்தது. அதுதான் காடியின் இரண்டாவது துளை.

இங்கே 1910ஆம் ஆண்டைச் சற்று நின்று கவனிப்போம். 1908ல் ஹென்றி ஃபோர்டின் ‘டி’ மாதிரிக் காடி வந்தபின் டயருக்கு வேண்டிய ரப்பருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1910ல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாவில் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. அதே 1910ல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டுவது ஓங்கியது. அதே ஆண்டின் டிசம்பர் 22ஆம் நாள் சரவாக்கின் மிரி நகரில் முதல் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. காடிக்கு வேண்டிய எண்ணெயும் ரப்பரும் ஒரே ஆண்டில் நம் நாட்டின் தலையெழுத்தை மாற்றின. நம் முன்னோர் காடியில் ஏறியதில்லை. ஆனால் காடிதான் அவர்களைக் கப்பலேற்றியது என்று சொன்னால் பெரும்பிழை ஆகாது.

டின்னுக்கு அடுத்தபடியாக வந்தது கைப்பம்பு. உயரமான கம்பத்தின் தலையில் கோடு போட்ட கண்ணாடி உருளை இருக்கும். பணியாள் பிடியை ஆட்டி ஆட்டி நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோலை அதில் ஏற்றுவார். எத்தனை காலன் என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிறகு குழாய் வழியே அது தானே காடிக்குள் இறங்கும். 1930களில் விலையைத் தானே கணக்கிட்டுக் காட்டும் பம்புகள் வந்தன.

இந்தக் குழாயில் நமக்கு உரிய ஒரு செய்தி உண்டு. நாம் வெட்டிய பாலிலிருந்து உருவான டயர் காடியைச் சுமந்தது. ஆனால் பெட்ரோல் ஓடும் குழாய்க்கு இயற்கை ரப்பர் ஒத்துவரவில்லை. பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பிக் குழைந்துவிடும். மிதிவண்டி டியூப் ஒட்டும் பசை அப்படி ரப்பரைக் கரைத்துச் செய்ததுதானே! எண்ணெயைத் தாங்கும் நியோப்பிரீன் என்ற செயற்கை ரப்பரை 1931ல் அமெரிக்கர்கள் அறிவித்தார்கள். பின்னர் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வருவது நின்றது. அங்கே செயற்கை ரப்பர் ஆலைகள் பெருகின. போர் முடிந்தபின் நம் ரப்பருக்குப் பெரும் போட்டியாக வந்தது அந்தச் செயற்கை ரப்பர்தான்.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பெட்ரோல் பட்டாளத்துக்கே போயிற்று. பேருந்துகள் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரி எரித்த வாயுவில் ஓடின. ரப்பரைக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுக்கும் முயற்சிகளும் நடந்தன. கரியால் காடி ஓடிய காலம் போய்விட்டது. ஆனால் அதே கரி வேறொரு வேலைக்காகக் காடிக்குள் திரும்பி வந்ததைப் பிறகு பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது, டாங்கி நிறைந்ததும் தானே நின்றுவிடும் குழாய். இதற்கு மின்சாரம் வேண்டாம், கண் வேண்டாம். குழாய் மூக்கின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு துளை இருக்கிறது. அடுத்தமுறை உற்றுப் பாருங்கள், தெரியும். அத்துளையிலிருந்து ஒரு மெல்லிய குழல் கைப்பிடிக்குள் போகிறது. பெட்ரோல் ஓடும் வேகம் அக்குழல் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எண்ணெய் மேலேறி அத்துளையை மூடியதும் உறிஞ்சக் காற்று கிடைக்காது. அந்த உறிஞ்சுவிசை உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை இழுக்கும். சவ்வு கொக்கியை விடுவிக்கும். ‘டக்’ என்று அடைப்பான் விழும். எண்ணெய் வழிந்து தீப்பிடிப்பதைத் தடுப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் அதற்கு ஒன்று தெரியாது: நுனியைத் தொட்டது நிறைந்த டாங்கியின் எண்ணெயா, அல்லது உள்ளே போக வழியின்றி எதிர்த்து வந்த எண்ணெயா என்று அது வேறுபடுத்தி அறியாது.

நம் நாட்டில் 1974 ஆகஸ்ட் 17ஆம் நாள் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. 1985ல் புரோட்டோன் சாகாவும் 1994ல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. அதுவரை துரையின் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காடி, தோட்டத்து லயத்தின் முன்னாலும் நிற்கத் தொடங்கியது. எண்ணெய் நிலையங்களில் பணியாளர் வந்து ஊற்றும் வழக்கம் மெல்லக் குறைந்து, நாமே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் வந்தது.

இதற்கிடையே அந்த இரண்டாவது துளைக்கு என்ன ஆயிற்று? பெட்ரோல் விரைவில் ஆவியாகும் பொருள். மூடியின் துளை வழியே அது இரவும் பகலும் காற்றில் கலந்தது. அந்த ஆவி வெயிலோடு சேர்ந்து நகரங்களின் காற்றைக் கெடுப்பதைக் கண்டு, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சட்டம் வந்தது: டாங்கியின் ஆவி நேராக வெளியே போகக் கூடாது. பிறகு மற்ற நாடுகளும் இவ்வழியில் வந்தன. மூடித் துளை அடைக்கப்பட்டது. டாங்கியின் காற்று ஒரு குழாய் வழியே கரி நிரப்பிய டப்பாவுக்குள் போய், அங்கே ஆவியைக் கரியிடம் விட்டுவிட்டு, பின்னரே வெளியேறுமாறு அமைத்தார்கள். மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ கரியாக்கிப் பக்குவப்படுத்தினால் அதில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். அவை ஆவியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். வீண் இல்லை, மாசும் இல்லை.

ஆனால் ஒரு புதிய தொல்லையும் கூடவே வந்தது. மூடியில் கண்ணுக்குத் தெரிந்த துளை, இப்போது காடியின் அடிவயிற்றில் கண்ணுக்குத் தெரியாத நீண்ட பாதையாகிவிட்டது. பம்பு நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் தள்ளுகிறது. அத்தனை லிட்டர் காற்றும் அதே நிமிடத்தில் வெளியேறியாக வேண்டும். பாதை அடைத்துக்கொண்டால் காற்று எண்ணெய் வரும் வழியிலேயே எதிர்த்து வரும், எண்ணெய் நுரைத்து மேலேறும், நுனித் துளை மூடும், ‘டக்’!

ஆகவே, எண்ணெய் ஏற்காத காடியைச் சோதிக்க ஒரு முறை உண்டு. நோய் எது, காரணம் எது, தீர்க்கும் வழி எது என்று படிப்படியாகப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். அது காடிக்கும் பொருந்தும்.

முதலாவது, வேறு நிலையத்தில், வேறு பம்பில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இறங்கினால் குறை பழைய பம்பின் குழாயில். எங்கும் நின்றால் குறை காடியில்.

இரண்டாவது, குழாயைச் சற்றுத் திருப்பியோ சிறிது வெளியே இழுத்தோ பிடித்து, விசையைப் பாதி அழுத்துங்கள். மெதுவாக ஊற்றினால் போகிறது, வேகமாக ஊற்றினால் நிற்கிறது என்றால், காற்றுப் பாதை குறுகியிருக்கிறது என்று ஐயப்படலாம். எண்ணெய் இறங்கும் ரப்பர்க் குழாய் நசுங்கியிருந்தாலும், வாயிலுள்ள சிறு கதவு சிக்கியிருந்தாலும் இப்படி நேரும்.

மூன்றாவது, சிறிது தூரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறக்கும்போது காது கொடுங்கள். இலேசான ஒலி இயல்பு. ‘உஸ்’ என்று பலமாகக் காற்று பாய்ந்தால், டாங்கி மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

நான்காவது, கரி டப்பாவையும், அதன் வெளிக்குழாயையும், அதில் திறந்து மூடும் சிறு வால்வையும் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். செம்மண் தூசி, சேறு, பூச்சிக்கூடு, நொறுங்கிய கரி எதுவும் அங்கே அடைக்கலாம். இது நம்மூர்க் கதை மட்டுமன்று. 2011ல் வட அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் சுமார் 65,000 காடிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், ஒருவகை மஞ்சள் சிலந்தி அந்தக் காற்றுக் குழாயில் வலை பின்னியதுதான். அடைப்பினால் டாங்கி வெடிப்பு விட்டு எண்ணெய் கசியலாம் என்று அஞ்சினார்கள்.

இனி, நம் மாணவனின் தந்தைக்கு வருவோம். அவரோடு நாங்கள் இருவர் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். மூன்று நிலையங்களில் முயன்றோம், மூன்றிலும் ‘டக்’. மெதுவாக ஊற்றினால் போயிற்று. மூடியைத் திறந்தபோது பாம்பு சீறுவது போல் ஒலி வந்தது. பின் இருக்கையில் அமர்ந்திருந்த அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, “என்னப்பா, டின் பாலுக்கு ரெண்டாவது ஓட்டை போடலியா?” என்றார். எங்களுக்கு நாணமாகிவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

முன்பு ஒரு தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்து, இப்போது சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். காடியைத் தூக்கிப் பின்சக்கரத்தின் அருகே இருந்த காற்றுக் குழாயைக் கழற்றினார். அதன் வாயில் குளவி கட்டிய மண்கூடு, சிமெந்து பூசியது போல் இறுகிக் கிடந்தது. குழாயைச் சுத்தம் செய்து, வாய்க்கு வலை கட்டி மாட்டினார். கூலி நாற்பது வெள்ளி. அன்று மாலை டாங்கி ஒரே மூச்சில் நிறைந்தது. அடுத்த திங்கட்கிழமை அம்மையார் நேரத்தோடு சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எல்லாக் குறையும் நாற்பது வெள்ளியில் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரி டப்பா எண்ணெயில் ஊறிக் கெட்டிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். அது கெடுவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். குழாய் ‘டக்’ என்று நின்றபிறகும், வெள்ளிக் கணக்கை முழுமையாக்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திணிக்கிறோம். அந்த மிகை எண்ணெய் காற்றுப் பாதையில் ஏறிக் கரியை நனைத்துவிடுகிறது. முதல் ‘டக்’கோடு நிறுத்துவதே நன்று.

இன்னும் சில எச்சரிக்கைகள். எண்ணெய் போடும்போது எஞ்சினை நிறுத்துங்கள், புகைக்காதீர்கள். விசை நிற்காமலிருக்க அதனிடையே எதையும் செருகாதீர்கள். அடைப்பு எடுக்கிறேன் என்று குழாயில் வாய் வைத்து ஊதாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் தோட்டங்களில் முன்பு இருந்தது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நேயர்களே! நம் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் வேலை செய்கிறார்கள். ‘டக்’ என்று நின்றால் மீண்டும் அழுத்துபவனாக அவன் இருக்க வேண்டாம். ஏன் நின்றது என்று கேட்பவனாக இருக்கட்டும். அந்தக் கேள்விக்குரிய விடையின் முதல் வரி ஏட்டில் மட்டும் இல்லை. பால்மரக் காட்டிலிருந்து திரும்பி வந்து, பிள்ளைகளுக்குத் தேநீர் கலக்க டின்னில் இரண்டு துளை போட்டாளே, அந்தத் தாயின் கையிலும் இருந்தது.